புவோனரோத்தி: ஒரு சிற்பியின் வீட்டுப்பெயர்

மைக்கலாஞ்சலோவின் குடும்பப்பெயர் என்ன? திடீரென்று யாராவது கேட்டால் 'ஆஞ்சலோ' என்றுதான் நம்மில் பலருக்கு வாய் வரும். தமிழில் மைக்கல் ஆஞ்சலோ, மைக்கேல் ஏஞ்சலோ என்று இரண்டாக உடைத்து எழுதிப் பழகியதால் வந்த வினை இது. மைக்கல் எண்டது ஆளின்ட பெயர், ஆஞ்சலோ எண்டது குடும்பத்தின்ட பெயர் என்று நாங்களாகவே நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அது ஒரே பெயர். அதிதூதரான மிக்கேலின் பெயர். பழைய கத்தோலிக்கத் தமிழில் சொன்னால் 'மிக்கேல் சம்மனசு'. அவரோ தன் கடிதங்களில் புளோரன்ஸ் பேச்சுவழக்கின்படி 'மிக்கெலான்யோலோ' என்று சேர்த்தே எழுதினார். அவர் உயிரோடு இருந்தபோதே அரியோஸ்தோ என்ற கவிஞர் அந்தப் பெயரை மிக்கேல் என்றும் ஏஞ்சல் என்றும் பிரித்துச் சிலேடை செய்து புகழ்ந்திருக்கிறார். ஆகவே பிரிப்பது ஒன்றும் பெரிய பாவமில்லை. ஆனால் அப்படிப் பிரித்தவுடன் அவருடைய உண்மையான குடும்பப்பெயர் காணாமல் போய்விடுகிறது. அந்தப் பெயருக்காகத்தான் அந்த மனிதர் வாழ்நாளில் பாதியைச் செலவழித்தார்.

முழுப்பெயர் இது: மிக்கேலாஞ்சலோ தி லொதொவிக்கோ புவோனரோத்தி சிமோனி.

இதில் 'தி லொதொவிக்கோ' என்பது நமக்கு உடனே விளங்கும். லொதொவிக்கோவின் மகன். நாங்கள் பெயருக்கு முன்னால் போடுகிற முதலெழுத்தை அவர்கள் பெயருக்குப் பின்னால் விரித்து எழுதினார்கள், அவ்வளவுதான். சிமோனி என்பது பழைய குடும்பப்பெயர். சிமோனே என்ற மூதாதை ஒருவரிலிருந்து வந்தது. நடுவில் நிற்கும் புவோனரோத்திதான் இந்தக் கட்டுரையின் நாயகன்.

புவோனரோத்தி முதலில் குடும்பப்பெயரே இல்லை. புவோனரோத்தோ என்பது பிள்ளைக்கு வைக்கிற பெயர். 'புவோன்' என்றால் நல்ல. 'அரோத்தோ' என்பது இன்றைய இத்தாலிய மொழியில் வழக்கொழிந்துபோன பழைய சொல். கூட்டிச் சேர்க்கப்பட்டது, மேலதிகமாக வந்தது என்று அர்த்தம். புளோரன்ஸ் நகர ஆட்சிக் குழுக்களில் கூடுதலாகச் சேர்க்கப்படும் குடிமக்களை 'அரோத்தி' என்றே அழைத்தார்கள். அப்படியென்றால் புவோனரோத்தோ என்பது 'நல்லதாக வந்து சேர்ந்தவன்'. வீட்டில் ஒரு பிள்ளை கூடியதைக் கொண்டாடுகிற பெயர்.

மத்தியகால தொஸ்கானாவில் இப்படியான பெயர்கள் நிறைய இருந்தன. பொனஜ்ஜூந்தா என்றாலும் நல்ல சேர்க்கைதான். பென்வெனூத்தோ என்றால் நல்வரவு. இன்னொரு புகழ்பெற்ற சிற்பியான பென்வெனூத்தோ செல்லினி 1500 இல் பிறந்தவர். தன் பெயர் வந்த கதையைத் தன் சுயசரிதையில் சொல்கிறார். பெண்பிள்ளைதான் பிறக்கும் என்று எல்லோரும் காத்திருந்தார்களாம். ஆண்பிள்ளை பிறந்ததும் தகப்பன், இவன் நல்வரவாகட்டும் என்று சொல்லி அதையே பெயராக வைத்துவிட்டாராம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் பெண்பிள்ளைகள் வரிசையாகப் பிறந்தால் 'போதும்பொண்ணு' என்று பெயர் வைக்கும் வழக்கம் இருந்தது நினைவுக்கு வருகிறது. ஓரிடத்தில் 'வந்தது நல்லது', இன்னோரிடத்தில் 'வந்தது போதும்'. பிறந்த பிள்ளையை வீட்டின் கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கம் எழுதுவது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

இந்தப் பிள்ளைப்பெயர் எப்படிக் குடும்பப்பெயரானது? மைக்கலாஞ்சலோவின் சீடரான கொண்டிவி 1553 இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. அந்தப் புத்தகத்தில் வருகிற பலதும் மைக்கலாஞ்சலோவே சொல்லி எழுத வைத்தவை என்பதால் இதை அவருடைய விளக்கம் என்றே எடுத்துக்கொள்ளலாம். அந்த வீட்டில் தலைமுறைக்குத் தலைமுறை யாராவது ஒருவருக்குப் புவோனரோத்தோ என்று பெயர் இருந்துகொண்டே வந்தது. மைக்கலாஞ்சலோவின் தம்பி ஒருவருக்கும் அதே பெயர். புளோரன்ஸில் பதவிகளுக்கு ஆட்களைத் தெரிவுசெய்யும் பட்டியல்களில் ஒருவரின் பெயரோடு தகப்பன் பெயர், பாட்டன் பெயர், சிலவேளை பூட்டன் பெயர் வரைக்கும் சேர்த்து எழுதுவார்கள். அந்த நீண்ட வரிசையில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அது மெல்ல எல்லோருக்கும் பொதுவாகிவிடும். கடைசியில் நிற்கும் 'ஓ' என்ற எழுத்து 'இ' ஆக மாறி, புவோனரோத்தோவின் ஆக்கள் என்று பொருள்பட்டுவிடும். மெதிச்சி என்ற பெயர்கூட இப்படித்தான். சொல்லுக்குச் சொல் எடுத்தால் 'வைத்தியர்மார்'.

இது எங்களுக்கு ஒன்றும் தூரத்துக் கதையில்லை. சுவிஸுக்கும் நோர்வேக்கும் கனடாவுக்கும் போன எங்கட சனத்தின் குடும்பங்களில் இது கண்ணுக்கு முன்னால் நடந்துகொண்டிருக்கிறது. குடும்பப்பெயர் என்ற கட்டத்தை எப்படியாவது நிரப்ப வேண்டும் என்பதற்காக அப்பா தன் அப்பாவின் பெயரை எழுதினார். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது அப்பப்பாவின் பெயர்தான் குடும்பப்பெயர். பேரப்பிள்ளைகளுக்கும் அதுவே. ஒரு தனிமனிதனுக்குப் பிரியமாக வைத்த பெயர், ஒரு படிவத்தின் அழுத்தத்தால், ஒரு கூட்டத்தின் பெயராகிறது. புளோரன்ஸில் இதற்கு இருநூறு, முந்நூறு வருடங்கள் எடுத்தன. எங்களுக்கு ஒரு விமானப் பயணம் போதுமாக இருந்தது.

சரி, ஒரு குடும்பப்பெயர் இருப்பதில் என்ன பெருமை? அந்தக் காலத்துக் கலைஞர்களின் பெயர்களைப் பார்த்தால் விளங்கும். தொனதெல்லோ என்றால் சின்ன தொனாத்தோ, செல்லப்பெயர். 1488 இல் சிறுவன் மைக்கலாஞ்சலோ தொழில் பழகப் போன பட்டறையின் தலைவர் கிர்லாந்தாயோ. அந்தப் பெயருக்கு மாலை செய்பவர் என்று பொருள். தகப்பன் பொற்கொல்லர், தலையில் சூடும் மாலை வடிவ அணிகளுக்குப் பெயர்போனவர். வெரோக்கியோ என்பது தனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பொற்கொல்லரிடமிருந்து எடுத்துக்கொண்ட பெயர். லெயொனார்தோவுக்கு ஊரின் பெயர், வின்சி. பட்டறைப்பெயர், பட்டப்பெயர், ஊர்ப்பெயர். நகரத்தின் பதவிப் பட்டியல்களில் தலைமுறைகளாக இடம்பெறும் குடும்பங்களுக்குத்தான் நின்று நிலைக்கிற குடும்பப்பெயர் பொதுவாக அமைந்தது. கையால் வேலை செய்பவனுக்கு ஊர் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறதோ அதுதான் பெயர்.

மைக்கலாஞ்சலோவின் தகப்பன் லொதொவிக்கோ இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர். 1475 மார்ச் 6 இல் மகன் பிறந்தபோது அவர் கப்ரேசே என்ற சிறிய ஊரில் தற்காலிக அதிகாரியாக இருந்தார். பெயர் இருந்தது, காசு இல்லை. தான் எந்தத் தொழிலும் செய்ததில்லை, இருக்கிற கொஞ்ச வருமானத்தில்தான் வாழ்கிறேன் என்று லொரென்சோ தே மெதிச்சியிடம் அவர் சொன்னதாகக் கொண்டிவி எழுதுகிறார். அதைக் குறையாக அல்ல, மரியாதையாகவே சொல்லியிருக்கிறார்! மகன் படம் கீறத் தொடங்கியபோது வீட்டில் அடி விழுந்தது. பிறகு லொரென்சோ அந்தப் பையனைத் தன் மாளிகைக்கு எடுக்க விரும்பியபோது, என் மகன் கல்லுடைப்பவனாகப் போக ஒருநாளும் விடமாட்டேன் என்று தகப்பன் நின்றார். சிற்பி வேறு, கல்லுடைப்பவன் வேறு என்று நண்பன் கிரனாச்சி எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. இந்த வாக்குவாதத்தை வாசிக்கும்போது யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஏதாவதொரு வீட்டின் முன்கூடத்தில் இருப்பதுபோலத்தான் இருக்கிறது. பெடியன் என்ன படிக்கிறான் என்பதல்ல பிரச்சினை, அவன் செய்யப்போகிற வேலையை வைத்து ஊர் எங்களை எந்தச் சாதியாக நினைக்கும் என்பதுதான் பிரச்சினை.

இதில் இன்னொரு வேடிக்கை. குழந்தையாக இருந்தபோது அவருக்குப் பால் கொடுத்து வளர்த்தவர் செத்திஞ்ஞானோவைச் சேர்ந்த ஒரு கல்தச்சரின் மனைவி. உளியையும் சுத்தியலையும் அந்தப் பாலோடு சேர்த்துக் குடித்தவன் நான் என்று மைக்கலாஞ்சலோ பின்னாளில் பகிடியாகச் சொல்வாராம்.

இளமையில் அவர் இந்தத் தொழிலின் பெயரை ஒளிக்கவில்லை என்பது முக்கியம். ரோமிலிருந்து தகப்பனுக்கு எழுதிய கடிதங்களில் 'ரோமில் இருக்கும் சிற்பி மிக்கெலான்யோலோ' என்று கையெழுத்திடுகிறார். 1508 மே 10 ஆம் திகதி சிஸ்தீன் சிற்றாலயத்தின் கூரைக்கு ஓவியம் தீட்ட முற்பணமாக 500 டுகாட் வாங்கியதைக் குறித்து வைத்தபோதுகூட 'சிற்பியாகிய நான்' என்றுதான் எழுதினார். ஓவியத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு சிற்பி என்று கையெழுத்துப் போட்டவர்! தகப்பன் எதை வெட்கம் என்று நினைத்தாரோ, மகன் அதையே கொடிபோலப் பிடித்துக்கொண்டு நின்ற காலம் அது.

அதற்கும் பத்து வருடங்களுக்கு முன்பு, 1498 இல், பிரெஞ்சுக் கர்தினால் ஒருவருக்காக 450 பொன் டுகாட்டுக்கு ஒப்பந்தம் செய்து அவர் செதுக்கியதுதான் இன்று வத்திக்கானில் இருக்கும் பியெத்தா. மடியில் மகனின் உடலைத் தாங்கியிருக்கும் மரியாளின் மார்புக்குக் குறுக்கே ஒரு பட்டி போகிறது. அந்தப் பட்டியில் இலத்தீன் எழுத்துகளில் புளோரன்ஸைச் சேர்ந்த மிக்கேல் ஆஞ்செலுஸ் பொனரோத்துஸ் செய்துகொண்டிருந்தார் என்று வெட்டியிருக்கிறது. 'செய்தார்' என்று இல்லை, 'செய்துகொண்டிருந்தார்'. பழைய கிரேக்கச் சிற்பிகள் தங்கள் வேலை இன்னும் முடியவில்லை என்ற பணிவோடு அப்படித்தான் கையெழுத்திட்டார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்லியிருந்தார். ஆனால் கடவுளின் தாயுடைய நெஞ்சின் நடுவில் தன் குடும்பப்பெயரை வெட்டுவதில் எவ்வளவு பணிவு இருக்கிறது என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம். சிலையைப் பார்க்க வந்த லொம்பார்திக்காரர்கள் சிலர் அதை மிலான்காரச் சிற்பி ஒருவரின் வேலை என்று கதைத்ததைக் கேட்ட மைக்கலாஞ்சலோ, இரவோடிரவாகப் போய்ப் பெயரை வெட்டினார் என்று வசாரி ஒரு கதை சொல்கிறார். வசாரியின் கதைகளை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. உறுதியானது இதுதான்: அவர் தன் பெயரை வெட்டிய ஒரே சிலை அது.

எங்கட கோயில்களில் வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்கு டியூப்லைட்டில் உபயகாரரின் பெயர் எழுதியிருக்கும். பக்கத்தில் நிற்கும் தேரைச் செதுக்கிய ஆசாரியாரின் பெயரைத் தேடினால் கிடைக்காது. பியெத்தாவில் நிலைமை தலைகீழ். காசு கொடுத்த கர்தினாலின் பெயர் கல்லில் இல்லை. செதுக்கியவனின் பெயர் இருக்கிறது. அவனுடைய வீட்டுப்பெயரும் இருக்கிறது.

இப்போது ஐம்பது வருடங்கள் தாண்டி 1548 க்கு வருவோம். வயது 73. ஐரோப்பாவிலேயே பெரிய சிற்பி. புளோரன்ஸில் இருக்கும் மருமகன், அதாவது தம்பி புவோனரோத்தோவின் மகன் லியொனார்தோவுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். அங்கேயிருக்கும் பாதிரியாரிடம் சொல், இனி எனக்குக் கடிதம் எழுதும்போது 'சிற்பி மிக்கெலான்யோலோவுக்கு' என்று முகவரி எழுத வேண்டாம். இங்கே என்னை மிக்கெலான்யோலோ புவோனரோத்தி என்றுதான் தெரியும் என்கிறார். யாருக்காவது பீடத்துக்கு ஓவியம் வேண்டுமென்றால் அவர் ஓவியனைத் தேடிப் போகட்டும். கடை விரித்து வைத்திருக்கும் ஆட்களைப்போல நான் ஒருநாளும் ஓவியனாகவோ சிற்பியாகவோ இருந்ததில்லை. தகப்பனின் மானத்தையும் சகோதரர்களின் மானத்தையும் காத்தே வந்திருக்கிறேன். மூன்று பாப்பரசர்களுக்கு வேலை செய்ததுகூட வற்புறுத்தலால்தான். கடிதத்தின் சாரம் இவ்வளவும்.

'சிற்பி' என்ற சொல்லை வெட்டி எறிந்துவிட்டு அந்த இடத்தில் 'புவோனரோத்தி' என்ற சொல்லை வைக்கிறார். அறுபது வருடங்களுக்கு முன் தகப்பன் சொன்ன அதே வசனத்தை இப்போது மகன் சொல்கிறார். கடை வைத்திருக்கிறவன் கூலிக்காரன், குடும்பப்பெயர் இருக்கிறவன் குடிமகன். உளியை ஒருநாளும் கீழே வைக்காத ஒருவர்தான் இதைச் சொல்கிறார் என்பதுதான் எங்களை நிறுத்துகிறது. சாவதற்குச் சில நாட்களுக்கு முன், 88 வயதில்கூட அவர் இன்னொரு பியெத்தாவில் வேலை செய்துகொண்டிருந்தார்.

இந்தக் குடும்பப்பெருமைக்கு ஓர் ஆதாரமும் தேவைப்பட்டது. தங்கள் வம்சம் கனோஸ்ஸாவின் பிரபுக்களிலிருந்து வந்தது, பேரரசர்களின் இரத்தம் அதில் கலந்திருக்கிறது என்று மைக்கலாஞ்சலோ நம்பினார். 1520 இல் கனோஸ்ஸாப் பிரபு அலெஸ்ஸாந்த்ரோ அவரை உறவினர் என்று அழைத்துக் கடிதமும் எழுதினார். புகழ்பெற்ற ஒருவரைச் சொந்தக்காரர் என்று சொல்ல யாருக்குத்தான் கசக்கும்? வரலாற்றாசிரியர்கள் தேடிப் பார்த்ததில் இந்த உறவுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் நம்பிக்கை பொய்யானாலும் அதன் விளைவுகள் பொய்யில்லை. 1546 இல் இதே மருமகனுக்கு எழுதிய கடிதத்தில், நகரத்துக்குள் கௌரவமான வீடொன்று வாங்கு, நாம் உயர்ந்த வம்சத்தில் வந்த குடிமக்கள் என்று சொல்லிவிட்டு, கடைசித் தம்பி ஜிஸ்மொந்தோவைப் பற்றியும் எழுதுகிறார். செத்திஞ்ஞானோவில் மாட்டுக்குப் பின்னால் நடக்கிற தம்பி ஒருத்தன் எனக்கு இருக்கிறான் என்று இங்கே ஆக்கள் கதைப்பது எனக்கு வெட்கம், அவனை நகரத்துக்கு வரச் சொல் என்கிறார். கல் வெட்டும் அண்ணனுக்கு ஏர் உழும் தம்பி வெட்கம். ஜிஸ்மொந்தோ இதைக் கேட்டு என்ன நினைத்திருப்பான்? அவனுடைய பக்கத்திலிருந்து யாரும் வரலாறு எழுதவில்லை.

மைக்கலாஞ்சலோவுக்கு மனைவியில்லை, பிள்ளைகளில்லை. பெயர் தொடர்வதற்கு மருமகன் லியொனார்தோ ஒருவர்தான் மிச்சம். கலியாணம் செய், செய் என்று வருடக்கணக்காகக் கடிதம் போகிறது. 1553 இல் லியொனார்தோ கஸ்ஸாந்த்ரா ரிதோல்பியை மணந்தார். அடுத்த வருடம் ஆண்பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு வைத்த பெயர் புவோனரோத்தோ. முந்நூறு வருடங்களாக வீட்டில் இருந்துவரும் பெயர் அற்றுப்போகக்கூடாது என்பது பெரியப்பாவின் ஆசை. ஆனால் ஞானஸ்நானக் கொண்டாட்டம் தடபுடலாக நடந்ததை வசாரி எழுதி அனுப்பியபோது கிழவருக்குக் கோபம். பிறந்ததற்கு இவ்வளவு கொண்டாட்டம் எதற்கு, ஒருவன் நல்லபடி வாழ்ந்து செத்தால் அப்போது கொண்டாடலாம் என்று பதில் எழுதினார். 'நல்லதாக வந்து சேர்ந்தவன்' என்று பெயர் வைக்கவும் வேண்டும், வந்து சேர்ந்ததைக் கொண்டாடவும் கூடாது.

அந்த மருமகனின் இன்னொரு மகனுக்கு வைத்த பெயர் மிக்கேலாஞ்சலோ. இளைய மிக்கேலாஞ்சலோ புவோனரோத்தி என்று வரலாற்றில் பெயர் பெற்ற இந்தக் கவிஞர்தான் 1623 இல் மூத்தவரின் கவிதைகளை அச்சில் கொண்டுவந்தார். கொண்டுவந்தபோது ஓர் ஆணை நோக்கி எழுதப்பட்ட காதல் கவிதைகளில் ஆண்பாலைப் பெண்பாலாக மாற்றிவிட்டார். குடும்பத்தின் பெயர் கெடக்கூடாதே! கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்து 1863 இல் செசாரே குவாஸ்தி திருத்திப் பதிப்பிக்கும்வரை இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக உலகம் வாசித்தது மாற்றப்பட்ட கவிதைகளைத்தான். ஒரு குடும்பப்பெயர் எதையெல்லாம் காப்பாற்றும், எதையெல்லாம் விழுங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

நேரடி வாரிசுகளில் கடைசியானவரான கொசிமோ 1858 இல் இறந்தார். புளோரன்ஸில் கிபெல்லினா வீதியில் இருக்கும் 'காசா புவோனரோத்தி', அதாவது புவோனரோத்தி வீடு, இப்போது அருங்காட்சியகம். மிலானில் புவோனரோத்தி என்றொரு மெட்ரோ நிலையமும் இருக்கிறது. உலகத்தின் மற்றப் பக்கங்களில் குடும்பப்பெயரை யாரும் சொல்வதில்லை. அவருக்குப் பிறகு வந்த இன்னொரு மிக்கேலாஞ்சலோ, ஓவியர் மிக்கேலாஞ்சலோ மெரிசி, தன் சொந்தப் பெயரையே விட்டுக்கொடுத்துக் கரவாஜ்ஜோ என்ற ஊர்ப்பெயரால் அறியப்பட வேண்டியிருந்தது. முதற்பெயர் அவ்வளவு முழுமையாக ஒருவருக்கே சொந்தமாகிவிட்டது. அவர் மறக்கச் சொன்ன 'சிற்பி' என்ற சொல்லும் அதோடு ஒட்டியபடியே இருக்கிறது.

ஆனால் புவோனரோத்தி என்ற பெயரை முதற்பெயர் இல்லாமல் தனியே சொல்கிற இன்னோர் உலகமும் உண்டு. சோசலிச இயக்கங்களின் வரலாற்றை வாசித்தவர்களுக்கு புவோனரோத்தி என்றால் சிற்பி நினைவுக்கு வரமாட்டார். இதே குடும்பத்தின் வழியில் 1761 இல் பீசாவில் பிறந்த பிலிப்போ புவோனரோத்திதான் வருவார். பிரபுக் குடும்பத்துப் பிள்ளை. சட்டம் படித்தவர். பிரெஞ்சுப் புரட்சி வெடித்ததும் வீட்டை விட்டு அந்தப் பக்கம் போனார். 1793 இல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார். நிலமும் உழைப்பின் பலனும் எல்லோருக்கும் பொதுவாக வேண்டும் என்று திட்டமிட்ட பாபெஃபின் சதியில் 1796 இல் கைதானார். அடுத்த வருடம் பாபெஃபின் தலை கில்லட்டினில் விழுந்தது. இவர் சிறைக்குப் போனார். பிறகு ஜெனீவாவிலும் பிரசெல்ஸிலும் சங்கீதம் சொல்லிக்கொடுத்துச் சீவித்தார். அதாவது, மூதாதை வெறுத்த அதே கூலி வாழ்க்கை. 1828 இல் பிரசெல்ஸில் அவர் வெளியிட்ட, பாபெஃபின் சமத்துவச் சதி பற்றிய புத்தகம் அடுத்த தலைமுறைப் புரட்சிக்காரர்களின் கைகளில் பாடப்புத்தகம்போலச் சுற்றியது. அதன் முகப்பில் ஆசிரியரின் பெயர் எங்கட பாணியிலேயே, முன்னால் ஒரு முதலெழுத்துச் சுருக்கத்தோடு அச்சாகியிருக்கிறது: பி. புவோனரோத்தி.